கொழுந்து நிறைச் செயலியில் ‘சேர்’ அழுத்தினால் வரும் பிழைகள்: ஆப் இன்வென்டர் பழகுவோருக்கு

தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தைக் காலையில் ஒருமுறை, பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நிறுக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவையிலும் தன் பெயருக்கு எத்தனை கிலோ விழுந்தது என்பதைப் பறித்தவரே போனில் குறித்து வைத்திருந்தால், மாதக் கடைசியில் சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்கலாம். அந்தக் குறிப்பை வைத்துக்கொள்ளும் ஒரு சின்னச் செயலியைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பதிவு நம்பர், பெயர், வேளை, கிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ‘சேர்’ என்று ஒரு பட்டன், கீழே ஒரு பட்டியல். வேறு எதுவும் இல்லை.

இவ்வளவு எளிமையான செயலியிலும் புதிதாகப் பழகுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்த ஒரு பட்டனில்தான். அழுத்தியதும் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். அல்லது எந்தச் செய்தியும் வராது, பட்டியலிலும் எதுவும் விழாது. இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை தருவது. இந்தச் செயலியில் ஒரு வரி சத்தமில்லாமல் காணாமல் போனால், ஒருவருடைய பன்னிரண்டு கிலோ காணாமல் போகிறது.

எடுத்துக்கொள்ளும் கருவி எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர். கூகுளில் பிறந்து 2010இல் வெளியே வந்து, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்குப் போன கருவி இது. காசு இல்லை. பிரவுசரிலேயே வேலை செய்யலாம். செயலியைக் கட்டித் தரும் பாரமான வேலை அவர்களுடைய சர்வரில் நடப்பதால் பழைய மடிக்கணினியே போதும். ஆண்ட்ராய்ட் செயலி செய்யும் பெரிய மென்பொருளான ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் திறந்தாலே திணறிப்போகும் கணினி வைத்திருப்பவர்கள் தயங்காமல் இதில் தொடங்கலாம். நிரலை எழுத்தாக அடிக்காமல், பிளாக்குகளை இழுத்துப் பொருத்துகிறோம். பிளாக்குகளின் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றின் உச்சரிப்பை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

போனில் சோதித்துப் பார்க்க ‘ஏஐ2 கம்பேனியன்’ என்ற செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் எளிது. வீட்டில் வைஃபை இல்லையென்றால் கணினியில் ‘ஏஐஸ்டார்ட்டர்’ என்ற சிறு மென்பொருளைப் போட்டு யூஎஸ்பி வயரால் இணைக்கலாம்.

மூன்று இடங்கள்

பிழை திருத்தத் தொடங்குமுன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். நீங்கள் சேர்க்கும் ஒரு வரி மூன்று இடங்களில் இருக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, நினைவகத்தில் இருக்கும் லிஸ்ட் வேரியபிள் (பட்டியலை வைத்திருக்கும், பெயரிட்ட ஓர் இடம்). இரண்டாவது, திரையில் தெரியும் லிஸ்ட்வியூ. மூன்றாவது, செயலியை மூடினாலும் அழியாமல் போனுக்குள் இருக்கும் டைனிடிபி. கணக்கப்பிள்ளை கையில் உள்ள கொப்பி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டும் தாள், அலுவலகத்தில் உள்ள செக்ரோல் என்ற சம்பளப் பேரேடு ஆகிய மூன்றும் எப்படித் தனித்தனியோ, அப்படியே இவையும் தனித்தனி. ஒன்றில் எழுதினால் மற்றதில் தானாக ஏறாது. ஏற்றுவது உங்கள் வேலை.

‘சேர்க்கும்போது பிழை’ என்று வருகிறவர்களில் பலர் ‘ஆட் ஐட்டம்ஸ் டு லிஸ்ட்’ என்ற பிளாக்கையே திரும்பத் திரும்பப் பிய்த்துப் பொருத்திக்கொண்டிருப்பார்கள். அந்த பிளாக் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் லிஸ்டுக்கு என்ன ஆனது, அதற்குப் பின்னால் திரைக்கும் சேமிப்புக்கும் எது போனது என்று பார்த்தால் பிழை அகப்படும்.

பார்த்த பிறகு திருத்துங்கள்

பிளாக்ஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மஞ்சள் முக்கோணமும் சிவப்புக் குறியும் எண்ணோடு இருக்கும். சிவப்பு பூச்சியமாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மஞ்சளைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பிளாக்கில் நிரப்பாமல் விட்ட ஓட்டை இருந்தால் அதைத்தான் மஞ்சள் குறி சொல்லும். ‘ஆட் ஐட்டம்ஸ் டு லிஸ்ட்’ பிளாக்கில் நீலச் சக்கரத்தை அழுத்தி இரண்டு ஐட்டம் இடம் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் நிரப்பியிருந்தால், ஓடும்போது நினைத்தபடி வேலை நடக்காது. தேவையில்லாத இடத்தை அதே சக்கரத்தைத் திறந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ‘டூ இட்’. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பழகிக்கொள்வதாக இருந்தால் இதைப் பழகுங்கள். கம்பேனியன் இணைப்பில் இருக்கும்போது எந்த பிளாக்கின் மேலும் வலது கிளிக் செய்தால் ‘டூ இட்’ என்று ஒரு தெரிவு வரும். அதை அழுத்தினால் அந்த பிளாக் மட்டும் அந்தக் கணத்திலேயே ஓடி, அதன் மதிப்பை பிளாக்கின் மேலேயே ஒரு குறிப்பாகக் காட்டும். லிஸ்ட் வேரியபிளின் ‘கெட்’ பிளாக்கை வெறும் இடத்தில் தனியாகப் போட்டு ‘டூ இட்’ கொடுங்கள். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வெறுமையா, எண்ணா, எழுத்தா, லிஸ்டா என்று அது சொல்லிவிடும். ‘ஆட் ஐட்டம்ஸ்’ மீது ‘டூ இட்’ கொடுத்தால் உண்மையாகவே ஒரு ஐட்டம் சேர்ந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

லிஸ்ட் என்று நினைத்தது லிஸ்டாக இல்லாதபோது

‘தி ஆப்பரேஷன் ஆட் ஐட்டம்ஸ் டு லிஸ்ட் கேனாட் அக்செப்ட் தி ஆர்கியுமெண்ட்ஸ்’ என்று தொடங்கும் செய்தி வந்தால், இந்தச் செய்கைக்கு நீங்கள் கொடுத்த மதிப்புகள் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். லிஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் லிஸ்ட் அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. ஆர்கியுமெண்ட்ஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அது என்ன என்பதையும் செய்தியே காட்டும். பதறி ஓகே அழுத்தி மூடிவிடாமல் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எளிது. ‘இனிஷியலைஸ் குளோபல்’ பிளாக்கில் வேரியபிளை உருவாக்கும்போது 0 அல்லது வெறும் எழுத்துப் பெட்டியைப் பொருத்தியிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு ‘கிரியேட் எம்ப்டி லிஸ்ட்’ பிளாக்கைப் பொருத்துங்கள். முடிந்தது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. செயலி திறக்கும்போது பழைய குறிப்புகளை எடுத்துவர, ‘ஸ்கிரீன்1 இனிஷியலைஸ்’ நிகழ்வில் டைனிடிபியின் ‘கெட் வேல்யூ’வைக் கூப்பிட்டு அந்த மதிப்பை வேரியபிளில் வைக்கிறீர்கள். அந்த பிளாக்கில் ‘டேக்’ (சேமிக்கும் பெயர்) என்று ஓர் ஓட்டையும் ‘வேல்யூ இஃப் டேக் நாட் தெயர்’ என்று இன்னோர் ஓட்டையும் இருக்கும். அந்தப் பெயரில் எதுவும் சேமிக்கப்படவில்லையென்றால் பதிலுக்கு எதைத் தர வேண்டும் என்பதே இரண்டாவதன் கேள்வி. அங்கே இயல்பாகவே வெறும் எழுத்துப் பெட்டி பொருந்தியிருக்கும். செயலி முதன்முதலாக ஓடும்போது சேமிப்பில் ஒன்றும் கிடையாது. ஆகவே நீங்கள் கவனமாக உருவாக்கிய காலி லிஸ்டின் மேல் அந்த வெற்றெழுத்து வந்து உட்கார்ந்துவிடும். பிறகு ‘சேர்’ அழுத்தினால் பிழைதான்.

திருத்தும் வழி: அந்த எழுத்துப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலும் ‘கிரியேட் எம்ப்டி லிஸ்ட்’டைப் பொருத்துங்கள்.

இதைச் செய்த பிறகும் அதே பிழை வருகிறதா? அப்படியானால் முந்தைய சோதனை ஒன்றில் அந்த வெற்றெழுத்தே டைனிடிபிக்குள் சேமிக்கப்பட்டிருக்கலாம். டேக் இப்போது உள்ளே இருப்பதால், இல்லாவிட்டால் தருவதற்கென்று வைத்த காலி லிஸ்டுக்கு வேலை இல்லாமல் போகிறது. ‘கிளியர் டேக்’ பிளாக்கை வெறும் இடத்தில் போட்டு, அந்த டேக் பெயரைக் கொடுத்து, ஒருமுறை ‘டூ இட்’ செய்தால் பழையது போய்விடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், எடுத்துவந்த மதிப்பை ‘இஸ் எ லிஸ்ட்?’ பிளாக்கால் சோதித்து, லிஸ்டாக இருந்தால் மட்டும் வேரியபிளில் வையுங்கள்.

கம்பேனியனுக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் சோதிக்கும் உங்கள் எல்லாத் திட்டங்களும் ஒரே டைனிடிபிச் சேமிப்பைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. போன வாரம் செய்த கடைக் கணக்குச் செயலியிலும் ‘பட்டியல்’ என்ற டேக்கை வைத்திருந்தால், கொழுந்துச் செயலியைத் திறக்கும்போது சீனியும் மாவும் வந்து நிற்கும். டைனிடிபியின் ‘நேம்ஸ்பேஸ்’ பண்பில் ஒவ்வொரு திட்டத்துக்கும் வேறு பெயர் கொடுத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

சேர்ந்தது, ஆனால் தெரியவில்லை

பிழைச் செய்தி இல்லை, திரையிலும் ஒன்றும் இல்லை. லிஸ்ட் வேரியபிளை ‘டூ இட்’ செய்து பாருங்கள். உள்ளே செல்லம்மாவின் வரி இருக்கிறதென்றால் சேர்க்கும் பகுதியில் கோளாறே இல்லை. லிஸ்ட்வியூவிடம் நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

லிஸ்ட்வியூவின் ‘எலிமெண்ட்ஸ்’ பண்பில் செயலி திறக்கும்போது ஒருமுறை லிஸ்டைக் கொடுத்தால் போதும், பிறகு லிஸ்டில் எதைச் சேர்த்தாலும் தானாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடக்காது. ஒவ்வொரு முறை சேர்த்த பிறகும் ‘செட் லிஸ்ட்வியூ1 எலிமெண்ட்ஸ்’ பிளாக்கால் லிஸ்டை மறுபடி கொடுக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் அல்ல, பின்னால். இதையே ஒரு ப்ரொசீஜராக்கி (வேண்டிய இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிளாக்குகளின் தொகுப்பு) ‘காட்டு’ என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த பின், அழித்த பின், செயலி திறந்த பின் என்று மூன்று இடத்திலும் அதைக் கூப்பிட்டால் போதும்.

வெற்று வரி விழுகிறதா? ‘சேர்’ பட்டனின் கிளிக் நிகழ்வைப் பாருங்கள். பெட்டிகளைத் துடைக்கும் பிளாக் ‘ஆட் ஐட்டம்ஸ்’ பிளாக்குக்கு மேலே இருக்கும். பிளாக்குகள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும். துடைத்த பிறகு எடுத்தால் வெறுமைதான் கிடைக்கும்.

ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்

லிஸ்ட்வியூவுக்கு ‘எலிமெண்ட்ஸ் ஃப்ரம் ஸ்டிரிங்’ என்றும் ஒரு பண்பு உண்டு. அது ஒரு நீள எழுத்தை வாங்கி, காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டித் தனித்தனி வரியாக்கும். ‘செல்லம்மா, 2ஆம் லயம்’ என்று யாராவது பெயர்ப் பெட்டியில் அடித்தால் அது இரண்டு வரியாகிவிடும். நாம் செய்கிற மாதிரியான செயலிக்கு அந்தப் பண்பு வேண்டாம். ‘எலிமெண்ட்ஸ்’ மட்டும் போதும்.

‘ஆட் ஐட்டம்ஸ் டு லிஸ்ட்’டுக்கும் ‘அப்பெண்ட் டு லிஸ்ட்’டுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் வருகிறது. ஆறு பெயர் உள்ள ஒரு லிஸ்டை ‘ஆட் ஐட்டம்ஸ்’ மூலம் இன்னொரு லிஸ்டில் போட்டால் அந்த ஆறும் ஒரே ஐட்டமாக, லிஸ்டுக்குள் லிஸ்டாக உட்காரும். ‘அப்பெண்ட்’ செய்தால் ஆறும் தனித்தனி ஐட்டமாகும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை வேலையே தீர்மானிக்கும். நம் செயலியில் ஒரு நிறுவை என்பது பதிவு நம்பர், பெயர், வேளை, கிலோ என்ற நான்கும் சேர்ந்தது. அவை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே ‘மேக் எ லிஸ்ட்’டால் நான்கையும் கட்டி, அந்தக் கட்டை ஒரே ஐட்டமாக ‘ஆட்’ செய்வதே சரி.

பெயருக்கு ஒரு லிஸ்ட், கிலோவுக்கு ஒரு லிஸ்ட் என்று தனித்தனியாக வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றில் சேர்ந்து மற்றதில் சேராமல் போன கணத்திலிருந்து ஒருவருடைய கிலோ அடுத்தவர் பெயரில் ஏறத் தொடங்கும். யாருக்கும் தெரியாது.

கட்டாகச் சேர்த்தால் லிஸ்ட்வியூவில் அடைப்புக்குறிகளோடு அலங்கோலமாகத் தெரியும். அதற்காகக் கட்டைப் பிரிக்க வேண்டாம். ‘காட்டு’ ப்ரொசீஜருக்குள் ஒரு புதுக் காலி லிஸ்டை எடுத்து, ‘ஃபார் ஈச்’ பிளாக்கால் ஒவ்வொரு கட்டாகப் பார்த்து, பெயரையும் கிலோவையும் ‘ஜாயின்’ செய்து அதில் சேர்த்து, அந்தக் காட்சி லிஸ்டை மட்டும் எலிமெண்ட்ஸுக்குக் கொடுங்கள். கணக்கு வைத்திருக்கும் லிஸ்ட் அப்படியே இருக்கட்டும்.

எல்லா வரியும் ஒரே ஆளாகிவிட்டது

மூன்று பேரைச் சேர்த்தாயிற்று. பட்டியலில் மூன்று வரியும் இருக்கிறது. ஆனால் மூன்றிலும் கடைசியாகச் சேர்த்தவரின் பெயரும் கிலோவும்தான். பார்த்தவுடன் செயலியே பைத்தியமாகிவிட்டது போலிருக்கும்.

நான்கு ஐட்டம் உள்ள ‘வரி’ என்ற ஒரு லிஸ்டைக் குளோபல் வேரியபிளாக வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ‘ரிப்ளேஸ் லிஸ்ட் ஐட்டம்’ மூலம் அதன் பெயரையும் கிலோவையும் மாற்றி, அதே லிஸ்டை நாள் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். ஆப் இன்வென்டரில் ஒரு லிஸ்டை இன்னொன்றில் சேர்க்கும்போது அதன் நகல் போவதில்லை. அந்த லிஸ்டேதான் போகிறது. மூன்று இடத்திலும் இருப்பது ஒரே லிஸ்ட். அதை மாற்றினால் மூன்று இடத்திலும் மாறும்.

கிளிக் நிகழ்வுக்குள்ளேயே ஒவ்வொரு முறையும் புதிதாக ‘மேக் எ லிஸ்ட்’ போட்டுச் சேர்த்தால் இந்தப் பிழை வராது. பழைய அமைப்பை மாற்ற முடியாத நிலை என்றால் ‘காப்பி லிஸ்ட்’ பிளாக்குக்குள் வைத்துச் சேர்க்கலாம். ஜாவா, காட்லின், டார்ட் என்று எந்த நிரல் மொழிக்குப் போனாலும் இதே பொறி அங்கேயும் காத்திருக்கும். ஆகவே இங்கேயே நன்றாகப் புரிந்துகொள்வது நல்லது.

கிலோ பெட்டிக்குள் என்ன அடித்தார்கள்?

பன்னிரண்டரை கிலோவை ஒருவர் 12.5 என்று அடிப்பார். இன்னொருவர் 12,5 என்பார். ஒருவர் ‘12 கிலோ’ என்றே எழுதுவார். அவசரத்தில் ஒருவர் கிலோவை அடிக்காமலே பட்டனை அழுத்துவார். லிஸ்ட் இவை எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். எழுத்தையும் எண்ணையும் அது வேறு பிரித்துப் பார்ப்பதில்லை. பிழை வருவது மாலையில், மொத்தத்தைக் கூட்டும்போது. வெற்றெழுத்தைக் கூட்ட முடியாது என்று கூட்டல் பிளாக் நின்றுவிடும். நீங்கள் கூட்டல் பிளாக்கைத் திருத்த உட்காருவீர்கள். பிழை பிறந்ததோ காலை நிறுவையில்.

ஆகவே வாசலிலேயே மறியுங்கள். டெக்ஸ்ட்பாக்ஸின் ‘நம்பர்ஸ் ஒன்லி’ பண்பை டிக் செய்தால் எண் விசைப்பலகை மட்டும் வரும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். வெறுமையை அது தடுக்காது. அதற்கு ‘இஃப்’ பிளாக் ஒன்றில் ‘இஸ் நம்பர்?’ வைத்துச் சோதியுங்கள். எண்தான் என்றால், அதற்குள் இன்னோர் ‘இஃப்’ வைத்து, பூச்சியத்தைவிடக் கூடுதலா என்று பாருங்கள். இரண்டிலும் தேறினால்தான் சேர்க்கலாம். தேறாவிட்டால் ‘நோட்டிஃபையர்’ மூலம் ‘கிலோவைச் சரியாக எழுதுங்கள்’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். மழையில் நனைந்த கையோடு போனைப் பார்ப்பவருக்கு ஆங்கிலப் பிழைச் செய்தியால் எந்தப் பயனும் இல்லை.

பெயர்ப் பெட்டியில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. போன் விசைப்பலகை காட்டும் சொல்லைத் தொட்டுத் தெரிவு செய்தால் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ‘இஸ் இன் லிஸ்ட்?’ என்று கேட்டால், இடைவெளியோடு உள்ள செல்லம்மா வேறு, இல்லாத செல்லம்மா வேறு. பெயரை எடுக்கும்போதே ‘ட்ரிம்’ பிளாக்குக்குள் வைத்து எடுங்கள்.

மற்றது, கௌரி என்ற பெயர். ஔகாரக் குறி போட்டு அடிப்பவர்கள் உண்டு. ஒற்றைக் கொம்பு போட்டுப் பின்னால் ளகரத்தை வைத்து ‘கெளரி’ என்று அடிப்பவர்களும் உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை இரண்டு பெயர். கௌரிக்கு இரண்டு கணக்கு விழும், இரண்டிலும் பாதிப் பாதிக் கிலோ இருக்கும். ட்ரிம் இதைத் தீர்க்காது. ஆளை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் பதிவு நம்பரை வையுங்கள். பெயர் பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும். வாய்ப்பிருந்தால் பெயரைத் தினமும் அடிக்க விடாமல் ‘லிஸ்ட்பிக்கர்’ மூலம் தெரிவு செய்ய வையுங்கள்.

ஐந்தாவது எங்கே?

‘அட்டெம்ப்ட் டு கெட் ஐட்டம் நம்பர் 5 ஆஃப் எ லிஸ்ட் ஆஃப் லெங்த் 4’ என்ற செய்தி தெளிவானது. நாலே பேர் உள்ள லிஸ்டில் ஐந்தாவது ஆளைக் கேட்கிறீர்கள். ஆப் இன்வென்டரில் எண்ணிக்கை 1இலிருந்து தொடங்குகிறது. ஐட்டம் நம்பர் 0 என்று செய்தி வந்தால் லிஸ்ட்வியூவில் எதையும் தெரிவு செய்யாமல் அழிக்கவோ மாற்றவோ பார்த்திருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் பொருள். தெரிவு இல்லாதபோது ‘செலெக்‌ஷன் இண்டெக்ஸ்’ 0. ‘இண்டெக்ஸ் இன் லிஸ்ட்’ பிளாக்கும், தேடியது கிடைக்காவிட்டால் 0தான் தரும். அந்த எண்ணைப் பயன்படுத்துமுன் 0 இல்லையா என்று ஓர் ‘இஃப்’ போடுங்கள்.

பல வரிகளை ஒரே ஓட்டத்தில் அழிக்க வேண்டியிருந்தால் கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். முன்னிருந்து அழித்தால் பின்னால் உள்ளவை ஒவ்வொன்றாக முன்னே நகர்ந்து, சில தப்பிப்போகும்.

மூடித் திறந்தால் காணோம்

லிஸ்டில் சேர்த்ததும் டைனிடிபியின் ‘ஸ்டோர் வேல்யூ’வைக் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு முறையும். செயலியை மூடும்போது மொத்தமாகச் சேமிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். மலையில் பேட்டரி எப்போது சாகும் என்று சொல்ல முடியாது. வேறு ஸ்கிரீனுக்குப் போனால் குளோபல் வேரியபிள் கூடவே வராது என்பதும் நினைவிருக்கட்டும். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் அதனதன் வேரியபிள்தான். ஸ்கிரீன்களுக்குப் பொதுவானது டைனிடிபி. அடுத்த ஸ்கிரீன் திறக்கும்போது அங்கிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்பதால் தேதியையே டேக்காக வைப்பது நல்ல யோசனை. ‘கிளாக்’ கூறின் ‘ஃபார்மேட் டேட்’ பிளாக்குக்கு ஒரு வடிவம் கொடுக்க வேண்டும்: ஆண்டுக்குச் சின்ன ஒய் நான்கு, மாதத்துக்குப் பெரிய எம் இரண்டு, நாளுக்குச் சின்ன டி இரண்டு. மாதத்துக்குச் சின்ன எம் போட்டுவிட்டால் அது நிமிடமாகிவிடும். அப்போது டேக் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சேர்த்த வரி உடனே பார்த்தால் இருக்கும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திறந்தால் பட்டியல் காலி. பிழைச் செய்தி எதுவும் வராது. நாள் முழுக்கத் தேட வைக்கும் பிழை இது. சந்தேகம் வந்தால் அந்த ‘ஃபார்மேட் டேட்’ பிளாக்கை ‘டூ இட்’ செய்து, வரும் தேதியைக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் ‘சேர்’ பட்டனின் கிளிக் நிகழ்வு இந்த வரிசையில் அமையும். முதலில் பெயரையும் கிலோவையும் ட்ரிம் செய்து எடுத்தல். பிறகு கிலோ எண்தானா, பூச்சியத்தைவிடக் கூடுதலா என்ற சோதனை. தேறினால், புதிதாகக் கட்டிய வரியை நாள் லிஸ்டில் சேர்த்தல். உடனே ஸ்டோர் வேல்யூ. பிறகு ‘காட்டு’. கடைசியாகப் பெட்டிகளைத் துடைத்தல். கடைசி வேலை கடைசியிலேயே இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: பட்டனை அவசரத்தில் இரண்டுமுறை தட்டினாலும், இரண்டாம் முறை பெட்டி வெறுமையாக இருப்பதால் சோதனையில் தேறாது. ஒரே நிறுவை இரண்டு தரம் ஏறாது.

வேறு மொழிக்குப் போகிறவர்களுக்கு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வகுப்புக்குப் போய் காட்லின் படிக்கத் தொடங்கினால் இதே பிழைகள் வேறு உடையில் வரும். காட்லினில் ‘லிஸ்ட்ஆஃப்’ மூலம் உருவாக்கியதில் ‘ஆட்’ என்ற செய்கையே கிடையாது. சேர்க்க வேண்டுமென்றால் ‘மியூட்டபிள்லிஸ்ட்ஆஃப்’ வேண்டும். ஜாவாவில் ‘அரேஸ்.ஆஸ்லிஸ்ட்’ தரும் லிஸ்டில் சேர்த்தால் ‘அன்சப்போர்ட்டட் ஆப்பரேஷன் எக்ஸெப்ஷன்’ வரும். அந்த லிஸ்டின் நீளம் மாறாது. அதை ஒரு புதிய ‘அரேலிஸ்ட்’டுக்குள் போட்டுக்கொண்டால் சரி. லிஸ்டைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே அதில் சேர்த்தாலோ அழித்தாலோ ‘கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன்’. ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்டும் ரீசைக்ளர்வியூவில் சேர்த்தது தெரியாவிட்டால், அதற்கு வரிகளைக் கொடுக்கும் அடாப்டரிடம் ‘நோட்டிஃபை ஐட்டம் இன்சர்ட்டட்’ சொல்ல வேண்டும், டார்ட்டில் செயலி எழுதும் கருவியான ஃப்ளட்டரில் ‘செட்ஸ்டேட்’டுக்குள் சேர்க்க வேண்டும். மேலே நாம் எழுதிய ‘காட்டு’ ப்ரொசீஜரின் வேலைதான் இவை. இந்த மொழிகளில் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும். முதல் சில நாள்கள் அதில் தடுமாற்றம் இருக்கும்.

கையில் கொடுக்குமுன்

கம்பேனியனில் ஓடியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ‘பில்ட்’ மெனுவில் ஏபிகே கோப்பாகக் கட்டி, போனில் நிறுவிச் சோதியுங்கள். நிறுவிய செயலிக்குக் கம்பேனியனின் சேமிப்பு வராது. முதன்முதலாகத் திறக்கும்போது என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் உண்மையாகத் தெரியும். டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். டைனிடிபிக்கு இணையம் தேவையில்லை, ஆகவே சிக்னல் கிடைக்காத மலையிலும் ஓட வேண்டும். பெட்டியை வெறுமையாக விட்டு அழுத்துங்கள். காற்புள்ளியோடு ஒரு பெயர் அடியுங்கள். நாலைந்து பேரைச் சேர்த்து, போனையே அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். அடுத்த நாள் காலையில் திறந்து, நேற்றைய பட்டியல் நேற்றைய தேதியிலும் இன்றைக்குப் புதுப் பட்டியலுமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செயலியைப் போனிலிருந்து நீக்கினால் டைனிடிபியில் இருந்ததும் சேர்ந்து போய்விடும். இதைப் பயன்படுத்தப்போகிறவருக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள். அதோடு ‘ஷேரிங்’ கூறை இழுத்துப் போட்டு, அன்றைய பட்டியலை எழுத்தாக அனுப்பும் ஒரு பட்டனும் வைத்துவிடுங்கள். மாலை நிறுவை முடிந்ததும் அன்றைய கணக்கை வாட்ஸ்அப்பில் மகளுக்கோ மகனுக்கோ தட்டிவிட்டால், போன் தொலைந்தாலும் கிலோ தொலையாது.